கொள்ளுத் தாத்தாவின் கல்: மூன்றாம் தேடல்

போன ஞாயிறு, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துக்கு மூன்றாவது தடவையாகப் போனேன். முதல் இரண்டு தடவையும் வெறுங்கை. இந்த முறை கொள்ளுத் தாத்தாவின் கல்லறைக் கல் கிடைத்துவிட்டது!

ரப்பர் போய் எல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை ஆகிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்களும் இல்லை. காவலாளி ஜாகாவிடம் சொல்லிவிட்டு நுழைந்தேன். "கோயிலுக்குப் பின்னால, ஆத்துக்கு எறங்குற மேடு, ஐயா." கொள்ளுத் தாத்தாவின் மகளான அத்தைப் பாட்டி சொன்ன ஒரே அடையாளம் அதுதான். மேட்டில் காய்ந்த மட்டைகளை ஒதுக்கினால் 11 கல், பாதி மண்ணுக்குள்.

பாசியைச் சுரண்டக் கூடாது. பழைய சிமெண்டோடு எழுத்தும் பெயர்ந்து வந்துவிடும். தண்ணீர் தெளித்து, டார்ச் லைட்டைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். கீறலுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். ஒன்பதாவது கல்லில் பெயர் தெரிந்தது. ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறியது. கடைசி 'லை', 1978-இல் தமிழ்நாட்டு அரசாணை மாற்றிய, துதிக்கை வைத்த பழைய எழுத்து. அந்தத் துதிக்கையின் வளைவில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கீழே "விரோதி வருஷம் மாசி". விரோதி 1949 சித்திரையில் பிறந்தது. அதன் மாசி என்றால் 1950 பிப்ரவரி, மார்ச். நானோ இறப்புப் பத்திரத்தை 1945, 1946 என்று தேடிக்கொண்டிருந்தேன். "ஜப்பான்காரன் போன கையோட அப்பா போயிட்டாரு" என்பது பாட்டி தன் அம்மாவிடம் கேட்டு வைத்திருந்தது. அப்போது அவருக்கு 5 வயதுகூட இருக்காது. பிழை அவருடையதல்ல, ஒரே வாயை நம்பிய என்னுடையது.

அப்புறம்தான் கடைசி வரி. "தம்பி" என்று தொடங்கி, பெயர் இருக்கவேண்டிய மூலை உடைந்து, "உபயம்" என்று முடிகிறது.

கொள்ளுத் தாத்தாவுக்கு ஒரே தம்பி. 1943-இல் ஜப்பான்காரர்கள் சயாம் மரண ரயில் பாதை போடப் பிடித்துப்போனார்கள், திரும்பவில்லை என்பது வீட்டுக் கதை. 415 கிலோமீட்டர் தண்டவாளத்தின் ஓரம் மாண்ட தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குத் தனிக் கல்லறையே கிடையாது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக இருப்பவை நேசநாட்டுக் கைதிகளுடையவை. அதனால் அவரைத் தேடுவதையே விட்டிருந்தேன். 1950-இல் அண்ணனுக்குக் கல் வைத்தவர் யார்? பங்காளி முறைத் தம்பியாகவும் இருக்கலாம். ஆனால் சொந்தத் தம்பியே உயிரோடு இருந்திருந்தால் அவரிடம் ஐசி, அதாவது அடையாள அட்டை இருந்திருக்கும். 1948-இல் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் பதிந்தார்கள்.

அங்கிருந்தே பாட்டிக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு, "சித்தப்பா பேரு போட்டிருக்கா?" என்றார்.

"உடைஞ்சிருக்கு பாட்டி."

"துண்டு அங்கதான் கெடக்கும். மண்ணைக் கிளறிப் பாரு."

இருட்டிவிட்டது, பார்க்க முடியவில்லை. வரும் ஞாயிறு அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.