அத்தையின் புதினாவும் மெக்சிகோக் கற்றாழையும்

புரட்டாசியில் எங்கள் வீட்டுக்குள் முட்டை கூட நுழையாது. அது தெரிந்தும் என் தம்பி நடுப் புரட்டாசியில் டெக்கீலா என்கிற மெக்சிகோ சாராயப் போத்தல் ஒன்றோடு வந்து நின்றான். மலேசியாவின் லங்காவித் தீவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டு, குவாலா கெடா படகுத் துறையிலிருந்து நேராக எங்கள் ஊர் பீடோங்குக்கு. லங்காவியில் வரி கிடையாது என்றாலும், காலையில் போய் வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பிவிட முடியாது. 48 மணி நேரம் தீவில் தங்கினால்தான் ஆளுக்கு ஒரு லிட்டர் வரியில்லாமல் வெளியே கொண்டுவரலாம். மனைவி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா தம்பி அது?" என்று என் மாமியார் கேட்டார்.

"கற்றாழையில செஞ்சது அத்தை. குளிர்ச்சி."

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அத்தைக்குக் கற்றாழை என்றால் முழங்காலுக்குத் தடவுகிற சோற்றுக்கற்றாழை. டெக்கீலா செய்வது நீல அகாவே என்கிற வேறு செடியில். பார்க்கத்தான் கற்றாழை, தாவரக் கணக்கில் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். தமிழ்நாட்டில் வேலியோரம் முள்ளோடு நிற்குமே ஆனைக்கற்றாழை, அதுதான் இதற்கு நெருங்கிய சொந்தம். இதையெல்லாம் அத்தையிடம் விளக்கப் போனால் போத்தலைத் திறந்து முழங்காலில் தேய்த்துப் பார்த்துவிடுவார் என்று பயந்து, முறுக்கு டின்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம்.

ஒளிக்க வேறு காரணமும் இருக்கிறது. அத்தையின் அப்பா தொண்டர் படையில் இருந்தவர். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்தப் பேர் தெரியும். 1947-ல் பீடோங், ஹார்வர்டு தோட்டம் பக்கம் கள்ளுக்கடையை மூடச் சொல்லி மறியல் செய்து, போலீசோடு மோதல் வரை போனது இந்தத் தொண்டர் படை. அதற்கு முன்னாலேயே 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. கொடுத்த சம்பளத்தைத் தோட்டத்துக்குள்ளேயே திரும்பப் பிடுங்கிக்கொள்ள வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வழி கள்ளுக்கடை என்று அத்தை இன்றைக்கும் சொல்வார். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அப்பேர்ப்பட்டவரின் மகள், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டு சாயங்காலமானால் கள்ளுக்கடையில் உட்கார்ந்திருந்த என் மாமனாரைக் கட்டிக்கொண்டது எப்படி என்பது இந்த வீட்டில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி.

ஐப்பசி பிறந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே தம்பி வந்துவிட்டான். மழை நாலு நாளாக ஓய்ந்திருந்ததால் அத்தை பின்பக்கத்துத் திண்ணையில் முறம் முறமாக மோர் மிளகாய் காயவைத்திருந்தார். அந்த முறங்களை ஒட்டித்தான் எங்கள் மேசை. வீட்டுக்குள் குடிக்க அனுமதி இல்லை. பின்பக்கம் என்றால் அத்தை டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். இது எழுதப்படாத ஒப்பந்தம்.

மாமா போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புழு எங்கடா? உள்ள ஒரு புழு கெடக்கும்னு சொன்னாங்களே. ஏமாத்திப்புட்டானா?"

புழு போடுவது மெஸ்கால் என்கிற அதன் பங்காளிச் சரக்கில், அதிலும் சில போத்தல்களில்தான். டெக்கீலாவில் புழு கிடந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். லேபிளில் பார்க்க வேண்டியது நூறு சதவீதம் அகாவே என்று போட்டிருக்கிறதா என்பதை. அப்படிப் போடாததில் அகாவேச் சர்க்கரை 51 சதவீதம் இருந்தாலே சட்டப்படி டெக்கீலாதான், மிச்சம் கரும்பாகவும் இருக்கலாம். மறுநாள் தலைவலிக்கு எல்லோரும் அந்த மிச்சத்தைத்தான் குறை சொல்வார்கள். நான் அளவைக் குறை சொல்வேன். தம்பி நல்லதாகத்தான் வாங்கியிருந்தான், பீப்பாயில் ஊறவைக்காத வெள்ளை ரகம். புதினாவோடு சேர்க்க அதுதான் சரி. மரவாசம் ஏறிய பழுப்பு ரகத்தில் புதினா காணாமல் போய்விடும்.

அப்புறம் மாமா ஒரு கேள்வி கேட்டார். அதில் அரைமணி நேரம் போனது.

"இதை எப்படி வெட்டுறான்?"

பால் வெட்டியவருக்கு அதுதானே தெரிய வேண்டும். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் ஹிமதோர் என்கிற வெட்டுக்காரர்கள், நீண்ட கழியில் வட்டத் தகடு பொருத்திய கோவா என்ற கருவியால் இலையெல்லாம் சீவித் தள்ளிவிட்டு நடுக்குருத்தை எடுப்பார்கள், அது சாதாரணமாக முப்பது கிலோவுக்கு மேல் தேறும், அதை வேகவைத்துப் பிழிந்து புளிக்கவைத்து வடிக்கிறார்கள் என்று சொன்னேன். செடி முதிர ஏழு வருசம் ஆகலாம் என்றேன்.

"நம்ம பால்மரமும் அப்படித்தான். அஞ்சாறு வருசம் ஆகும் கத்தி வைக்க. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல மாமா. எடுத்ததோட செடி முடிஞ்சது."

மாமா கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏழு வருசம் வளத்து ஒரே வெட்டா? நாங்க ஒரு மரத்தை இருவத்தஞ்சு வருசம் வெட்டுவோம். பட்டை காயம் பட்டா கங்காணி கத்துவான், கிராணி கத்துவான், தொரை வந்து கத்துவான். மரத்தையே தோண்டி எடுத்தா எந்தத் தொரை ஒத்துக்குவான்?"

மெக்சிகோவின் நிர்வாகத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. அவர்களிடம் கள்ளும் உண்டு, பெரிய ஜாதி அகாவேயின் குருத்தைக் குடைந்துவிட்டால் பதநீர் ஊறும், அது புளித்தால் வெள்ளையாகப் புல்கே ஆகும் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் சமாதானமானார். "அப்ப அவனுங்களும் நம்மாளுங்கதான்."

இனி புதினா. பீடோங் சந்தையில் கட்டாகக் கிடைக்கும், ஆனால் ஞாயிறு மதியத்துக்கு மேல் கிடைப்பது பாதி கறுத்திருக்கும். அத்தை அந்தச் சந்தைக் கட்டின் தண்டுகளையே பழைய பெயின்ட் டின்னில் குத்தி வளர்த்து, இப்போது பின்பக்கம் முழுக்கப் புதினா. ஆனால் பிரியாணிக்குத் தவிர யாரும் தொடக் கூடாது.

"எதுக்கு?"

"தண்ணி கலக்க அத்தை. எலுமிச்சை, புதினா, சோடா. உங்களுக்கும் ஒண்ணு தர்றேன்." இதில் பொய் எதுவும் இல்லை. அவருடைய கிளாசில் அது மட்டும்தான் இருக்கப் போகிறது.

நுனிக் கொழுந்தாகப் பறித்துக் கொடுத்தார். கொழுந்தை வாங்கிய தம்பி அடுக்களைக்குள் போனான், டொக் டொக் என்று சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் காரியம் முடிந்திருந்தது. காலையில் இறால் விழுது போட்டுச் சம்பால் பெலாச்சான் இடித்த கல்லில் புதினாவைப் போட்டுத் துவையல் ஆக்கியிருந்தான். கழுவின கல்தானே என்கிறான். பெலாச்சான் இடித்த கல்லைக் கழுவலாம், பெலாச்சானைக் கழுவ முடியாது. "பரவாயில்ல லா அக்கா, கலந்து பாப்போம்" என்று அதிலேயே ஒரு கிளாஸ் தயார் செய்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினான். அவர் ஒரு வாய் குடித்தார். வெகுநேரம் ஜெராய் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான், இதுல நெத்திலி போட்டியா?" என்றார்.

சரி, தள்ளிப் போ என்று நானே எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் புதினாவுக்காக. அதன் எண்ணெய் இலையின் மேல்பரப்பில் நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்து மறுகையால் ஒரு தட்டுத் தட்டினாலே சுரப்பி உடைந்து வாசம் வந்துவிடும். அதற்கு மேல் நசுக்கினால் வருவது பச்சைக் கசப்பும் பல்லிடுக்கில் மாட்டும் திப்பியும்தான். மதுக்கடைகளில் மரக்கட்டையால் ஓங்கிக் குத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இலைக்காக வக்காலத்து வாங்கத் தோன்றும்.

எலுமிச்சைக்கு வாசலில் நிற்கும் லீமாவ் கஸ்தூரி. மார்கரீட்டா செய்கிறவர்கள் டெக்கீலாவோடு எலுமிச்சையும், ஆரஞ்சு வாசம் வர ஒரு தனி மதுவும் சேர்ப்பார்கள். அந்தப் போத்தலை வேறு யார் வாங்குவது? கஸ்தூரி பாதி கமலா ஆரஞ்சு ஜாதி, அந்த வாசம் அதிலேயே இருக்கிறது. கொட்டைதான் ஏராளம், டீ வடிகட்டியில் பிழிய வேண்டும். சர்க்கரையும் வெந்நீரும் சம அளவில் கரைத்த பாகு. தம்பி குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம் போடலாம் என்றான். நல்ல ருசிதான், ஆனால் நிறம் ஓடைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், வேண்டாம் என்றேன்.

அளக்க இருமல் மருந்தோடு வந்த சின்னக் கோப்பை. ஒரு ஆளுக்கு டெக்கீலா 50 மில்லி, கஸ்தூரிச் சாறு 25, பாகு 20, எட்டுப் பத்துப் புதினா இலை. கடை ஐஸ் கட்டியை நிறையப் போட்டு மூடிய போத்தலில் கை மரத்துப் போகும்வரை குலுக்கி, வடிகட்டி, புது ஐஸ் மேல் ஊற்றி, கடைசியில் கொஞ்சம் சோடா. கிளாஸ் விளிம்புக்கு உப்பு தடவுவது மார்கரீட்டா வழக்கம். நான் அசாம்பூய் என்கிற உப்புப் புளிப்பு உலர்பழத்தின் சதையைக் காயவைத்துப் பொடித்து உப்போடு கலந்தேன். உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் உதட்டிலேயே கிடைத்துவிடும். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, அருமையாக இருந்தது. புதினா தொண்டையில் சில்லென்று இறங்கும்போது பின்னாலேயே அகாவேயின் மிளகுக் காரம் லேசாக ஏறிவரும்.

அத்தைக்கு டெக்கீலா இல்லாமல் தனிக் கிளாஸ். "நல்லாருக்கு, உப்பு கொஞ்சம் கூட" என்று டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். மாமா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "தொட்டுக்க ஒண்ணுமில்லாம எப்படி? கள்ளுக்கடையில ஈரல் வறுவலாச்சும் இருக்கும்" என்றார்.

இதற்குள் இரண்டாவது சுற்றைத் தானே கலக்குவேன் என்று தம்பி போத்தலைப் பிடுங்கிக்கொண்டான். ஷேக்கராக இருந்தது என் பையனின் பள்ளித் தண்ணீர்ப் போத்தல், பொத்தானை அழுத்தினால் மூடி திறக்கும். டெக்கீலா ஊற்றினான், சாறு ஊற்றினான், புதினா போட்டான், வேலை மிச்சம் என்று சோடாவையும் உள்ளேயே ஊற்றி மூடினான். "சோடாவைக் குலுக்காதேடா" என்று நான் சொல்வதற்குள் மேளக்காரர் வேகத்தில் குலுக்கிவிட்டான். மூடி தானாகத் திறந்தது. பீய்ச்சியடித்த வேகத்தில் மேசையில் ஒரு சொட்டு விழவில்லை. அத்தனையும் பக்கத்து முறங்களில்.

மிளகாய் மேல் புதினா ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் பேசவில்லை. மாமாதான் முதலில் குனிந்து முகர்ந்து பார்த்தார். "இதை அப்பவே யோசிச்சிருக்கணும்" என்றார்.

சத்தம் கேட்டு அத்தை வந்துவிட்டார். "என்னாது கொட்டுச்சு?"

"உங்க தண்ணிதான் அத்தை! எலுமிச்சை, புதினா, சோடா!" தம்பி உண்மையின் முக்கால் பங்கைச் சொன்னான்.

அத்தை ஒவ்வொரு இலையாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "காஞ்சிடும், விடு" என்றார். சாராயம் ஆவியாகிவிடும், எலுமிச்சையும் வாசமும் நிற்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள்களில் நல்ல வெயில்.

அதற்கடுத்த வாரம் ரசத்துக்கு அந்த மிளகாயை வறுத்தார்கள். மொறுமொறுவென்று, நுனியில் ஒரு புளிப்பும் லேசான புதினா வாசமுமாக. கோவில் பெண்கள் இருவருக்கு அத்தை பொட்டலம் கட்டிக் கொடுத்தார், அவர்கள் கைப்பக்குவம் கேட்டு போன் மேல் போன். என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டைவிட்டு நிமிரவே இல்லை. தம்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தை பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ குலுக்கின தண்ணி எனக்கு இன்னும் கொஞ்சம் வேணும். நான் கலந்து பாத்தேன், அந்த ருசி வரல. உன் கையிலதான் வருது."

"எவ்வளவு அத்தை வேணும்?" என்றான், என்னைப் பார்க்காமல்.

மிளகாய் இந்தத் தடவை மூன்று கிலோவாம். அரை வாளி போதுமாம்.