அம்முச்சி வெளக்கிய பானட்

மாரியம்மன் நோம்பிக்குக் குடும்பத்தோடு உடுமலைப் பக்கம் அம்முச்சி (அம்மாவின் அம்மா) ஊருக்குப் போயிருந்தோம். கருநீலக் கார். முதல் நாள்தான் கழுவித் துடைத்திருந்தேன். ஊருக்குள் திரும்புகிற இடத்தில் புதுசாகத் தார் ரோடு போட்டிருந்தார்கள். டயர் சடசடவென்று ஒட்டி ஒட்டிப் போனபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வாசலில் இறங்கிப் பார்த்தால், கதவுகளுக்குக் கீழே தோசைக்கல்லில் கடுகு வெடித்த மாதிரி கருப்புப் புள்ளிகள்.

சவர பிளேடைத் தேடி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பின்னாலேயே அம்முச்சி வந்துவிட்டார்.

"பிளேடு போட்டா பெயிண்டும் சேந்து பேந்துக்கும் சாமி. பலாப்பழம் அறுத்த கைக்கு என்ன போடுவோம்? எண்ணெதான?"

ஒரு கிண்ணத்தில் செக்குத் தேங்காயெண்ணெயும் ஒரு பழைய பருத்தி வேட்டித் துண்டும் வந்தன. தொட்டு வைத்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, அழுத்தாமல் துடைத்தோம். தார் இளகி, துணியில் பழுப்பாக இறங்கியது. அப்புறம் ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவியதோடு சரி. நானும் சும்மா இருந்திருக்கலாம். "அம்முச்சி, காரு கழுவறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லைங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

ராத்திரி காரை வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். அந்த மரத்தில் எத்தனை காக்கைக் குடும்பம் குடியிருக்கிறது என்று நான் விசாரிக்கவில்லை.

காலையில் சர்ரக், சர்ரக் என்று சத்தம். நோம்பிக்கு அண்டா வெளக்குகிறார்கள் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். காப்பி டம்ளரோடு வெளியே வந்தபோதுதான் தெரிந்தது, அண்டா உள்ளேயே இருக்கிறது. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு கையில் தேங்காய் நாரும் மறு கையில் அடுப்புச் சாம்பலுமாக, அம்முச்சி பானட்டின் மேல் குனிந்து நிற்கிறார். எண்பது வயசில் அந்தத் தோள்பட்டைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ!

"பூராம் காக்கா எச்சங் கண்ணு. நீ தூங்கட்டும்னுதான் எழுப்புல."

நான் வாயைத் திறப்பதற்குள் சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். ஈரத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காய்ந்த பிறகுதான் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல். சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அம்முச்சிக்கு முகம் வாடக் கூடாதே என்று இரண்டு தடவை "சூப்பருங்க" என்று மட்டும் சொன்னேன்.

கோயமுத்தூர் திரும்பியதும் பாலிஷ் போடுகிற தம்பியிடம் கொண்டுபோனேன். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, இதுல யாருங்க பாத்திரம் வெளக்குனது?"

கீறல்களின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கேயும் தட்டவில்லை. தட்டினால் ஆழமான கீறல், பாலிஷில் போகாதாம். நிறத்துக்கு மேல் இருக்கிற கண்ணாடி மாதிரியான கிளியர் கோட் தலைமுடியைவிட மெல்லிசு, ஒவ்வொரு தடவை பாலிஷ் போடும்போதும் அதில் கொஞ்சம் தேயும் என்றார். காக்கை எச்சத்தையும் அப்படியே விடக் கூடாதாம். அதில் இருக்கிற அமிலம் வெயில் சூட்டில் பெயிண்டை அரித்துவிடும். ஆனால் எச்சத்தில் மண்ணும் விதையும் கலந்திருக்கும், தேய்த்தால் உப்புத்தாள்தான். ஈரத்துணியை அதன் மேல் பத்து நிமிஷம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் அப்படியே ஒத்தி எடுக்க வேண்டும். அதாவது, நாங்கள் தாருக்குச் செய்த அதே வைத்தியம். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான்.

மெஷினில் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை போட்டு, மேலே வேக்ஸ் அடித்து, சாயங்காலம் காரைக் கொடுத்தார். பில் மூவாயிரத்து ஐந்நூறு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன் அடித்தது. அம்முச்சி.

"காரு இன்னும் பளபளன்னு இருக்குதா கண்ணு?"

"நல்லா இருக்குதுங்க அம்முச்சி."

"அன்னைக்கு முன்பக்கம் மட்டுந்தான் ஆச்சு. ஆடி நோம்பிக்கு வர்றப்ப சொல்லு, டிக்கிப் பக்கத்தையும் வெளக்கிப்புடலாம். நாரு எடுத்து வெச்சிருக்கறேன்."