பெயர் சொல்லாத குரலில் குறுந்தொகை

சேலம் அம்மாபேட்டையில், எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் எதையும் நிதானமாகக் கேட்க முடியும். சில மாதங்களாக அந்த நேரத்தை, யூடியூபில் சங்கப் பாடல்களை வாசிக்கும் ஒரு பெண்குரலுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். அவர் தம் பெயரைச் சொல்வதில்லை, முகத்தைக் காட்டுவதில்லை, பின்னணியில் புல்லாங்குழலோ வீணையோ ஒலிப்பதில்லை. கறுப்புத் திரையில் பாடலின் எண் மட்டும் இருக்கும். முதலில் பொருள் விளங்கும்படி சொல் பிரித்து ஒருமுறையும், பிறகு சீர் பிரித்து, ஆசிரியப்பாவுக்குரிய அகவலின் நடையில் மறுமுறையும் வாசித்துவிட்டு, உரை எதுவும் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறார்.

அவர் வாசித்தவற்றுள் நான் திரும்பத் திரும்பக் கேட்பது குறுந்தொகையின் 41ஆம் பாடல். ஆறே அடிகள் கொண்ட பாடல் அது. காதலர் அருகில் இருக்கும்போது விழாக் கொண்ட ஊரைப் போல மகிழ்ந்திருப்பேன் என்றும், அவர் பிரிந்துபோன நாளில், மக்கள் விட்டுச் சென்றதால் முற்றத்தில் அணில் விளையாடும் சிற்றூர் வீட்டைப் போலப் பொலிவிழந்து வருந்துகிறேன் என்றும் தலைவி தோழியிடம் சொல்கிறாள். எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய சொற்றொடரையே பெயராக்கி அணிலாடு முன்றிலார் என்று அழைக்கிறோம்.

இந்தப் பாடல் அமைந்திருக்கும் நேரிசை ஆசிரியப்பாவில், ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, மூன்று சீராகக் குறைந்து வரும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். தேர்வுக்குப் பயன்பட்டது, அவ்வளவுதான். இந்தக் குரலில்தான் அந்த விதி எனக்குக் காதால் விளங்கியது. ‘புலப்பில் போலப் புல்லென்று’ என்ற அடியை முடித்ததும், நான்காம் சீர் வந்திருக்க வேண்டிய இடத்தை அவர் இழுத்தும் நிரப்புவதில்லை, அவசரமாகத் தாண்டுவதும் இல்லை; ஒரு சீரளவு பொறுத்திருந்து, அதன் பிறகே ‘அலப்பென் தோழி’ என்று தொடங்குகிறார். அந்த யாப்புக்கெல்லாம் பொதுவான இலக்கணம்தான் இது என்றாலும், ஆளில்லாத வீட்டைச் சொல்லும் அடியே ஒரு சீர் இல்லாமல் நிற்பதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அச்சிட்ட பக்கத்தில் அந்த அடியைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். அங்கே அது கொஞ்சம் குட்டையான வரி, வேறொன்றும் இல்லை.

ஒருநாள் பக்கத்தில் தறிக்கு நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவும் இந்தப் பாடலைக் கேட்டார். சாறு என்றால் திருவிழா என்று மட்டும் சொன்னேன். ஆடி மாதத்துக் கோட்டை மாரியம்மன் பண்டிகையைப் பார்த்தே வளர்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டாம் முறை வாசித்து முடித்ததும், “யாரு கண்ணு இந்தப் பொண்ணு? புருசன் வெளியூரு போயிட்டானா?” என்று கேட்டார். வாசித்தவரையும் தலைவியையும் அவர் ஒருவராகவே எடுத்துக்கொண்டார். தெரிந்த நடிகை ஒருவரின் முகமும் பெயரும் திரையில் இருந்திருந்தால், அம்மாவின் கேள்வி அந்த நடிகையைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும்.

காதலைப் பாடும் அகத்திணையின் மாந்தரைச் சுட்டி ஒருவர் பெயர் கூறக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி: ‘மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்.’ தலைவி, தோழி, செவிலி என்றுதான் அங்கே எல்லோரும் வருகிறார்கள். பாடலுக்குள் இருப்பவளுக்குப் பெயரில்லை, கேட்கும் தோழிக்கும் பெயரில்லை; வாசிப்பவரும் பெயரைச் சொல்லாமல் விட்டதனால்தான், ‘தோழி’ என்று அவர் விளிக்கும்போது அந்த இடத்தில் நான் போய் உட்கார முடிகிறது. மேடைக்கே உரிய முழக்கத்தோடு சங்கப் பாடல்களை ஒப்பிக்கும் குரல்களிடம் எனக்கு இந்த இடம் கிடைத்ததே இல்லை. அவர் யார் என்று தேடிக் கண்டுபிடிக்க எனக்கு விருப்பமும் இல்லை.

குறுந்தொகையின் 401 பாடல்களில் அவர் வாசிக்க வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன. கல்பொரு சிறுநுரையாரின் 290ஆம் பாடலுக்காகக் காத்திருக்கிறேன். அதிலும் ஈற்றயலடி மூன்று சீர்தான். அதன் பிறகு ‘மெல்ல மெல்ல இல்லா குதுமே’, மெல்ல மெல்ல இல்லாமல் போவோம், என்று முடியும். அந்த இடத்தில் குரலைத் தேய்த்துக் கரைத்துவிடும் ஆசை யாருக்கும் வரும். இவர் அப்படிச் செய்யாமல், கடைசி ஏகாரம் வரை ஒரே அளவில் வாசிப்பார் என்றே நம்புகிறேன்.