செவலையின் அரிப்பு: நாட்குறிப்பு

ஜூன் 2

இன்றும் நள்ளிரவில் நக்கும் ஓசை கேட்டு விழித்துக்கொண்டேன். விளக்கைப் போட்டதும் என் பூனை செவலை நிறுத்திவிட்டான். அணைத்ததும் மீண்டும் தொடங்கினான்.

ஜூன் 3

அடிவயிற்றில் முடி போன இடத்தைப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தேன். அங்கே மிஞ்சியிருக்கும் முடிகள் முனை முறிந்து, தடவினால் விரலில் குத்துகின்றன. ஆகவே முடி தானாகக் கொட்டவில்லை. நாக்கின் முட்களால் அவனே வழித்தெடுக்கிறான். வாலுக்குச் சற்று மேலே முதுகு முடியை எதிர்த்திசையில் தள்ளிப் பார்த்தால், கடுகளவுப் பொருக்குகள் நெருக்கமாகத் தட்டுப்படுகின்றன. கழுத்திலும் அப்படியே. தொட்டவுடன் முதுகுத் தோல் சிலிர்த்து அலை அலையாக ஓடுகிறது.

ஜூன் 5

மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே தெள்ளுப்பூச்சியைப் பற்றித்தான் கேட்டார். இவன் வாசலைத் தாண்டியதே இல்லை என்றேன். வெளியே சென்று வருபவர்களின் துணியில் தொற்றிக்கொண்டும் அது உள்ளே வந்துவிடும் என்றார். அரிப்பைக் கிளப்புவது பூச்சியின் உமிழ்நீர் என்பதால், ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே போதுமாம். ஓயாமல் நக்கும் பூனை பூச்சியையும் சேர்த்து விழுங்கிவிடுவதால், உடலில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாமாம். பிறகு பேன்சீப்பால் வாரி, வந்த கரும்பொடியை ஈரமான வெள்ளைத்தாளில் உதிர்த்தார். சிறிது நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் கசிந்து பரவியது. பூச்சியின் எச்சம் அது. கசிந்தது செவலையின் இரத்தம். படர்தாமரை உண்டா என்று அறியச் சில முடிகளையும் எடுத்திருக்கிறார். பூஞ்சை வளர்கிறதா என்று தெரிய 2 அல்லது 3 வாரம் ஆகும்.

ஜூன் 6

நாக்கு எட்டாத பிடரியில், முடியை விலக்கித் தோலின் மேலேயே சொட்டு மருந்து விட்டாயிற்று.

ஜூன் 9

நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மிச்சமிருப்பதாகவும், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும்படியும் பக்கத்து வீட்டு அக்கா அன்போடு சொன்னார். வாங்கிப் படித்துப் பார்த்தேன்: பெர்மெத்ரின். நாய் தாங்கும் அந்த மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. நடுக்கமும் வலிப்பும் கண்டு உயிரே போய்விடக்கூடும். தேயிலை மர எண்ணெயும் அப்படித்தான். அக்காவிடம் சொன்னதும் பதறிப்போனார். இந்த எச்சரிக்கையைப் பெட்டியின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

ஜூன் 10

விடியும் வரை நக்கினான்.

ஜூன் 13

பூனையின் மேல் இருக்கும் பூச்சிகளைவிட, முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டுக்குள் கிடப்பவைதாம் மிகுதி என்று அறிந்ததிலிருந்து தரையைப் பார்த்தாலே கலக்கமாக இருக்கிறது. ஒரு பெண்பூச்சி நாளுக்கு 50 முட்டை வரை இடக்கூடும். கூட்டுக்குள் இருப்பவை மாதக்கணக்கில் காத்திருந்து, உடற்சூட்டையும் காலடி அதிர்வையும் உணர்ந்து வெளியே வரும் என்பதால், இன்று விட்ட மருந்தால் நாளையே எல்லாம் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. விரிப்புகளை வெந்நீரில் துவைத்தேன். சோபாவின் இடுக்குகளில் உறிஞ்சு கருவியை வைத்து எடுத்தேன். அவன் எந்த நாற்காலியில் படுக்கிறான் என்பதையே நாளெல்லாம் கவனிக்கிறேன்.

ஜூன் 17

நக்காமலிருக்க மாட்டிய கழுத்துக் கூம்பு கிண்ணத்தில் இடித்ததால் சாப்பிடாமல் நின்றான். தட்டையான தட்டில் வைத்ததும் சாப்பிட்டான். அரிப்பை அடக்கும் பிரட்னிசோலோன் மாத்திரையைத் தொடங்கியதிலிருந்து நிறையத் தண்ணீர் குடிக்கிறான். இது மருந்தின் இயல்புதான் என்றாலும், நீண்ட நாள் கொடுத்தால் சில பூனைகளுக்கு நீரிழிவு வரக்கூடும் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஜூன் 18

இரவு முழுவதும் ஓசையே இல்லை. மூச்சு விடுகிறானா என்று எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஜூன் 25

படர்தாமரை இல்லை. மாத்திரையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். குறைத்த பிறகு அரிப்பு திரும்பினால் அடுத்தது உணவு ஒவ்வாமையா என்று அறியும் சோதனை: குறைந்தது 8 வாரம் மருத்துவர் தரும் ஒரே உணவு, வேறெதுவும் ஒரு வாய்கூடக் கூடாது. வயிற்றில் பூமுடி அரும்பியிருக்கிறது. ஆனால் இடது காதுக்கு முன்னால் நேற்று இல்லாத ஒரு பொருக்கு இருக்கிறது. பேன்சீப்பையும் வெள்ளைத்தாளையும் எடுத்து வைத்திருக்கிறேன். அவன் விழித்ததும் வாரிப் பார்க்க வேண்டும்.