கழுவிய மாதிரித் துண்டை நம்பிப் பின்னிய ஸ்கார்ஃப்

ஸ்கார்ஃபுக்குத் தோளும் இல்லை, கையும் இல்லை, ஆகவே அளவு பார்த்துப் பின்ன வேண்டியதில்லை என்று பின்னுபவர்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தடித்த நூலில் அகலம் சற்றே கூடினாலும் அது கழுத்தடியில் திரண்டு நின்று உறுத்தும்; நீளம் குறைந்தால் ஒரு சுற்றுக்குப் பிறகு முனைகள் மார்பில் படியாமல் நழுவும். எனவே இம்முறை ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே அளவை முடிவு செய்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பழைய துணி ஒன்றைப் பல அகலங்களில் மடித்துக் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்ததில், 20 செ.மீ. அகலமும் 160 செ.மீ. நீளமும் பொருத்தமாக இருந்தன. அணிபவரின் உயரமே ஸ்கார்ஃபின் நீளம் என்று பின்னுபவர்களிடையே வழங்கும் கணக்குக்கும் இது ஏறக்குறைய ஒத்து வந்தது.

அடுத்தது மாதிரித் துண்டு, அதாவது பின்னலின் அளவை அறிய முதலில் பின்னிப் பார்க்கும் துண்டு. எல்லா வரிசையையும் ஒரே விதமாகப் பின்னிச் செல்லும் கார்ட்டர் பின்னலையும், நடுத்தரத் தடிமனுள்ள தூய கம்பளி நூலையும், 5 மி.மீ. ஊசியையும் தேர்ந்து, ஊசியில் 30 கண்ணி (நூல் வளையம்) ஏற்றி 56 வரிசை பின்னினேன். பத்துப் பன்னிரண்டு கண்ணிகளில் சிறு துண்டு பின்னி அளப்பதில் பயனில்லை. ஓரக் கண்ணிகள் எப்போதும் நடுவிலுள்ளவற்றைப் போல அமைவதில்லை என்பதால், நடுப்பகுதியில் முழுதாக 10 செ.மீ. அளக்க இடம் இருக்க வேண்டும். அளந்தபோது 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணிகளும், 10 செ.மீ. உயரத்தில் 38 வரிசைகளும் இருந்தன.

இந்த எண்களைக் குறித்துக்கொண்டேனே தவிர, கணக்கில் சேர்க்கவில்லை. துண்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துவாலையில் வைத்து அழுத்தி நீரை எடுத்து, தட்டையாகப் பரப்பி உலர விட்டேன். குண்டூசி குத்தி இழுக்கவில்லை; ஸ்கார்ஃபை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் அப்படிச் செய்யப் போவதில்லை என்னும்போது, மாதிரியை மட்டும் இழுத்து உலர்த்தினால் அது காட்டும் அளவு பொய்யாகிவிடும். நன்கு உலர்ந்த பின் 10 செ.மீ.க்கு 18 கண்ணிகள், 36 வரிசைகள் என்று அளவு மாறியிருந்தது. நீர் பட்டதும் இழைகள் உப்பி, கண்ணிகள் தளர்ந்து தமக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

இரண்டு கண்ணி வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் கழுவாத அளவின்படி 20 செ.மீ.க்கு 40 கண்ணி ஏற்றினால், முதல் துவைப்புக்குப் பிறகு ஸ்கார்ஃப் 22 செ.மீ.க்கு மேல் அகன்றுவிடும். கழுவிய அளவின்படி தேவைப்படுவது 36 கண்ணிகள்தான். நீளத்துக்கு 576 வரிசைகள் வேண்டும். கார்ட்டர் பின்னலில் இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும்புவதால், 288 மேடுகளை எண்ணினால் போதும்.

நூல் எவ்வளவு தேவை என்பதையும் அதே துண்டு சொன்னது. கழுவிய பின் அதன் பரப்பு சுமார் 260 ச.செ.மீ., எடை 14 கிராம். ஸ்கார்ஃபின் பரப்பு 3,200 ச.செ.மீ. என்றால் ஏறத்தாழ 172 கிராம் நூல் வேண்டும். ஆகவே 50 கிராம் நூல்கண்டுகள் நான்கு. எல்லாவற்றையும் ஒரே சாயத் தொகுதி எண்ணில் (ஒன்றாகச் சாயமேற்றிய நூலுக்கு இடும் எண்) வாங்கியதால், நிறம் மாறும் கவலையும் இல்லாமல் போனது.

பின்னத் தொடங்கிய பிறகு மனத்தை உறுதியாக வைத்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஊசியில் இருக்கும் பின்னலின் மேல் அளவு நாடாவை வைத்தால் அது 18 செ.மீ. அகலம்தான் காட்டும், அதைக் கண்டதும் பிரித்துவிட்டுக் கண்ணிகளைக் கூட்டலாமா என்ற எண்ணம் வரும். மாதிரித் துண்டு கழுவும் முன் இருந்த அதே அடர்த்தி இங்கும் இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது சரிபார்த்துவிட்டுத் தொடர்ந்தேன். ஊசியையும் மாற்றவில்லை. 5 மி.மீ. என்று ஒரே எண் இருந்தாலும், மூங்கில் ஊசியில் நூல் சற்றுப் பிடித்துச் செல்கிறது, உலோக ஊசியில் வழுக்கிச் செல்கிறது; அந்த வேறுபாடு கண்ணியின் அளவில் தெரியக்கூடும்.

288ஆவது மேடு முடிந்தபோது நாடா ஏறக்குறைய 152 செ.மீ. காட்டியது. அங்கேயே நிறுத்தி, ஓரம் இறுகி அகலத்தைச் சுருக்காதிருக்க ஒரு எண் பெரிய ஊசியால் கண்ணிகளை முடித்தேன். மாதிரியைப் போலவே கழுவி உலர்த்தி அளந்ததில் அகலம் 20.5 செ.மீ., நீளம் 161 செ.மீ. வந்தது. தொங்கவிட்டால் தன் எடையால் இன்னும் சற்று நீள்கிறது. கம்பளி என்பதால், பரப்பி வைத்ததும் மீண்டுவிடுகிறது. பருத்தி நூலுக்கு இந்த மீட்சி குறைவு. அதில் பின்னுவதானால் மாதிரித் துண்டைச் சிறிது பாரம் கட்டித் தொங்கவிட்ட பிறகே வரிசைகளைக் கணக்கிடுவேன்.

மிஞ்சிய 25 கிராம் நூலில் குஞ்சம் கட்டவில்லை. முனைகளில் பாரம் ஏறினால், கணக்கிட்டுப் பெற்ற நீளம் மாறிவிடும். அதை அடுத்த ஸ்கார்ஃபின் மாதிரிக்கு ஒதுக்கியிருக்கிறேன். அது இரண்டு நேர்க் கண்ணி, இரண்டு தலைகீழ்க் கண்ணி என மாறி மாறி வரும் இரண்டுக்கு இரண்டு ரிப் பின்னல்: இரு ஓரமும் ஒத்திருக்க, கண்ணிகளின் எண்ணிக்கை நான்கின் மடங்கோடு இரண்டு சேர்ந்ததாக அமைய வேண்டும். ரிப் தானாகவே சுருங்கி நிற்பதால், அதன் அகலத்தைச் சுருங்கிய நிலையிலும் கழுத்தில் சுற்றியது போல இலேசாக விரித்த நிலையிலும் அளந்துவிட்டுத்தான் கண்ணி ஏற்றப் போகிறேன்.