கவிழ்ந்த ஒய் வடிவப் பிணைநாரை இருமுறை கற்றேன்

மருத்துவக் கல்லூரியின் முதலாம் ஆண்டில் டிசெக்‌ஷன் மேசையில் இடுப்பு மூட்டைத் திறக்க எங்களுக்கு இரண்டு பிற்பகல்கள் பிடித்தன. ரெக்டஸ் ஃபெமோரிஸ், இலியோசோயஸ் தசைகளை ஒதுக்கியதும், மூட்டுறையின் முன்புறத்தில் வெண்மையாகப் பளபளக்கும் தடித்த பட்டை ஒன்று தெரிந்தது. இலியோஃபெமோரல் லிகமென்ட் என்னும் அந்தப் பிணைநார் இடுப்பெலும்பின் முன்கீழ் முனைப்பில் தொடங்கி, விசிறிபோல் விரிந்து, தொடை எலும்பின் மேற்பகுதியில் ட்ரொக்கான்டர் எனப்படும் இரு புடைப்புகளுக்கு இடையிலான கோட்டில், கவிழ்த்துவைத்த ஒய் எழுத்தைப் போல இரு கிளைகளாக ஒட்டுகிறது. உடலிலேயே மிக வலுவான பிணைநார் அது என்று படித்திருந்ததை, கத்தி மழுங்கிய பிறகுதான் நம்பினேன். தொடையைப் பின்னுக்குத் தள்ளினால் விறைத்தது. முன்னால் மடக்கினால் தொய்ந்தது. அதிகத் தசை உழைப்பின்றி நாம் நிமிர்ந்து நிற்பதற்கு இந்த விறைப்பு பெரிதும் உதவுகிறது. படம் வரைந்து தேர்ச்சி பெற்றேன். அத்தோடு மறந்தும் போனேன்.

பயிற்சி மருத்துவராக எலும்பியல் பிரிவில் இருந்தபோது, கார் விபத்தில் முழங்கால் டேஷ்போர்டில் மோதிய இளைஞர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கால் குட்டையாகி, மடங்கி, உட்புறம் திரும்பியிருந்தது. தொடை எலும்புத் தலை பின்புறமாக விலகியதன் அடையாளம் அது. எலும்பு முறிவு இல்லை என்பதை எக்ஸ்ரேயிலும், இடுப்பின் பின்புறமாகக் காலுக்கு இறங்கும் பெரிய சயாட்டிக் நரம்பு பாதிக்கப்படவில்லை என்பதைப் பாதத்தை மேலே தூக்கச் சொல்லியும் உறுதிசெய்துகொண்டோம். மயக்கம் கொடுத்ததும் நான் முந்திக்கொண்டு காலை நேராக்கி இழுக்கப் பார்த்தேன். “தம்பி, நேராக்கினால் எந்த நார் இறுகும்?” என்று சீனியர் கேட்டபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

இத்தகைய விலகலில் அந்த ஒய் நார் பெரும்பாலும் அறுவதில்லை என்பதையும், காலை அந்தக் கோணத்தில் பிடித்துவைப்பதே அதுதான் என்பதையும் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஹென்றி ஜேக்கப் பிகலோ 1869-இல் விளக்கியிருந்தார். நான் இடுப்பெலும்பை அழுத்திப் பிடித்துக்கொள்ள, சீனியர் படுக்கைமேல் ஏறி நின்று, இடுப்பையும் முழங்காலையும் 90 பாகைக்கு மடக்கி, மெல்ல மேல்நோக்கி இழுத்தார். நார் தொய்ந்தது, ‘தடக்’கென்று எலும்புத் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் இறங்கியதை என் கைகளே உணர்ந்தன.

விபத்து நடந்து 6 மணி நேரம் கடப்பதற்குள் இது முடிந்தது. தாமதிக்கத் தாமதிக்க, எலும்புத் தலைக்குச் செல்லும் இரத்தம் தடைபட்டு எலும்பு நசியும் ஆபத்து கூடும். பின்னர் எடுத்த சிடி ஸ்கேனில், மூட்டுக்குள் துணுக்கு எதுவும் சிக்கியிருக்கவில்லை.