காயில் போனால் பிளக்கையும் பாருங்கள்

மேடு ஏறும்போதும் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போதும் என் கார் உதறியது. நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும் ஐட்லிங்கிலும் ஒரு தடுமாற்றம். செக் இன்ஜின் விளக்கு அணைந்து அணைந்து மின்னியது. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் நாள் பார்த்துக் கவனிக்கலாம். மின்னினால் தள்ளிப்போடக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விடுபடுவது) இருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைவிடக் கன்வெர்ட்டர் பல மடங்கு விலை.

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0303 என்ற பிழைக் குறியீடு வந்தது, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். காயில் கெட்டுவிட்டது என்று இந்தக் குறியீடு சொல்லவில்லை. அந்தச் சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை, அவ்வளவுதான். பிளக், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று எதில் வேண்டுமானாலும் குறை இருக்கலாம். வண்டியைக் காட்டிய ஒர்க்ஷாப்பில் நான்கு காயிலையும் மாற்றிவிடலாம் என்றார்கள். என் மனசு ஒப்பவில்லை.

பிளக்கின் தலைமேலேயே காயில் உட்காரும் இன்ஜினில் குறையைக் கண்டுபிடிக்கச் செலவே கிடையாது. மூன்றாவது காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றி மாட்டி, குறியீட்டை அழித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டினேன். இந்த முறை பி0302. காயில் போன இடத்துக்கே குறையும் போயிருந்தது. ஒரே ஒரு காயில்தான் வாங்க வேண்டியிருந்தது.

ஆனால் அதை மட்டும் மாட்டி பானெட்டை மூடிவிட எனக்கு விருப்பமில்லை. பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றி, பிளக் முனையின் இடைவெளியில் பொறி தாண்ட வைப்பதுதான் காயிலின் வேலை. முனை தேயத் தேய அந்த கேப் அகலும். கேப் அகன்றால் பொறி தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் அந்தக் கூடுதல் சுமை காயிலின் இன்சுலேஷன் மேல்தான் விழுகிறது. தேய்ந்த பிளக்கின் மேல் புதுக் காயிலை மாட்டினால் அதன் ஆயுளும் குறையும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் கை வைத்தேன். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்துகொண்டு வரும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். காயில் கனெக்டரின் பிளாஸ்டிக் லாக் வருஷக்கணக்கான சூட்டில் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். இழுக்காமல் முதலில் உள்ளே தள்ளி, லாக்கை அழுத்தி, பிறகு எடுக்க வேண்டும். காயிலையும் லேசாகத் திருகிவிட்டு மேலே தூக்கினால், பிளக்கை மூடியிருக்கும் அதன் ரப்பர் உறையான பூட் கிழியாது. பிளக்கைக் கழற்றும் முன் அது உட்கார்ந்திருக்கும் குழிக்குள் காற்றடித்தேன். இல்லாவிட்டால் அங்கே கிடக்கும் மண் நேராக சிலிண்டருக்குள் விழும்.

கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசையிலேயே அடுக்கிவைத்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஒன்றும் இரண்டும் வெளிர் பழுப்பு, ஆரோக்கியமான நிறம். மூன்றாவதில் உலர்ந்த கரி. அதன் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல் ஒரு கறுப்புக் கோடு. மின்சாரம் முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்புறமாக ஓடிய தடம் அது. பூட்டின் உட்பக்கத்திலும் அதே தடம் இருந்தது. (பீங்கானைச் சுற்றி மெட்டலை ஒட்டி வரும் பழுப்பு வளையம் வேறு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதனால் கெடுதல் இல்லை.) இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜில் பார்த்தால் நான்கிலுமே கேப் மேனுவலில் உள்ள அளவைத் தாண்டியிருந்தது. நான்கையும் மாற்ற முடிவு செய்தது அதனால்தான்.

புதியவை இரிடியம் பிளக்குகள். அவற்றின் நடு முனை மிக மெல்லியது. கேப்பைச் சோதிக்கிறேன் என்று கேஜை அழுத்திச் செருகினால் முனையே உடையும். கம்பி கேஜால் தொட்டும் தொடாமலும் பார்த்தால் போதும்.

மாட்டத் தொடங்கும்போது திருகும் கருவியான ராட்செட்டைத் தொடவே கூடாது. பிளக்கை ஒரு ரப்பர் குழாய்த் துண்டில் செருகி விரலால் திருகினேன். மரை சரியாகப் பிடித்தால் தடையில்லாமல் இறங்கும். கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கும், ஹெட் தப்பிக்கும். பிளக் உட்கார்ந்த பிறகுதான், எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச். வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் மரை பிளக்குக்கு, அலுமினிய ஹெட்டில், பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. உங்கள் மேனுவல் வேறு சொன்னால் அதையே கேளுங்கள். மரையில் கிரீஸோ, மரை ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பூசும் ஆன்டி சீஸோ தடவாதீர்கள். வழவழப்பில் ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும். மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸை மட்டும் பூட்டின் வாயில் உள்பக்கமாக மெல்லப் பூசினேன்.

குறியீட்டை அழித்து ஸ்டார்ட் செய்தபோது ஐட்லிங் சீராக நின்றது. மேட்டிலும் உதறல் இல்லை.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நான்காவது பிளக் குழியின் அடியில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் தேங்கியிருந்தது. பிளக்கின் முனை காய்ந்திருந்ததால் பிஸ்டன் ரிங் தேய்மானம் என்று நினைக்கவில்லை. மேலே வால்வ் கவரில் உள்ள குழாய் சீல் கசிகிறது. ஆயில் பட்டால் பூட் ரப்பர் ஊறி உப்பி, அந்தக் காயிலும் இதே வழியில் போகும். இப்போதைக்குத் துடைத்துவிட்டேன். அடுத்து வால்வ் கவர் கேஸ்கெட்டையும் சீல்களையும் சேர்த்து மாற்றப் போகிறேன்.